காணிக்கைப் பாடலை மறைத்த அறிவிப்பு

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலியில் காணிக்கைப் பாடலின் இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருந்தது. திரையிலிருந்த வரிகள் சட்டென்று மறைந்து, நீலப் பின்னணியில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. இந்தக் கணினியின் இயங்குதளத்துக்கு ஆதரவு முடிகிறது, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில், ஆள் உயர எழுத்தில். காணிக்கைத் தட்டோடு நடுப்பாதையில் வந்துகொண்டிருந்தவர்கள் நின்று படித்தார்கள். பீடத்திலிருந்த பங்குத்தந்தை திரும்பிப் பார்த்தார்.

சுவரோரமாகப் போட்டிருக்கும் மேசையில், கணினிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அறிவிப்பின் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'இப்போதே', இன்னொன்று 'பிறகு'. 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் இல்லை. மலாக்காவில் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மறுப்பதற்கு இடம் வைக்காத ஒரு படிவத்தை எவனாவது என் மேசைக்கு அனுப்பியிருந்தால், அன்று மாலைக்குள் அது அவனிடமே திரும்பிப் போயிருக்கும். இந்தக் கணினி நிறுவனத்துக்கு எதைத் திருப்பி அனுப்புவது, யாருக்கு அனுப்புவது? 'பிறகு' என்பதை அழுத்தினேன். பாடல் திரும்பி வருவதற்குள் காணிக்கை முடிந்துவிட்டது.

அதுவரை மைக்கில், நான் அக்கா என்று கூப்பிடும் பாடகர் குழுவின் மூத்த பெண்மணி பல்லவியையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏன் கிராணி, பாட்டு எங்க போச்சு?"

"கம்ப்யூட்டர்ல ஒரு நோட்டீஸ் வந்துருச்சுக்கா."

"பூசை நேரத்துலயா வரும்? நீங்க என்னா பார்த்துக்கிட்டு இருந்தீங்க? பல்லவியவே எத்தன வாட்டி பாடுறது? கெழவிக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னு நெனைச்சிருப்பாங்க."

ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் ஆளைத்தான் கிராணி என்பார்கள். நான் ஒரு நாளும் தோட்டத்துக் கிராணியாக இருந்ததில்லை. என் அப்பா பால் மரம் வெட்டியவர். கிராணியின் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றவர். இதையெல்லாம் அக்காவிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவருக்கு, பேனா பிடித்துச் சம்பளம் வாங்கியவன் எவனும் கிராணிதான். அவரும் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். தோட்டம் ரப்பரை விட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிய பிறகு செர்காம் சாலையில் மகன் வாங்கிய வீட்டில் இருக்கிறார். ஞாயிறு தோறும் மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அக்கா இறங்கும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் இறங்குவார்.

ஒன்றை ஒளிவு மறைவில்லாமல் எழுதிவிடுகிறேன். அக்காவின் குரல் எனக்குப் பிடிக்காது. தகரத்தை இழுத்ததுபோல் இருக்கும். மேல் சுருதிக்குப் போகும்போது அவர் போவார், பாட்டு போகாது. ஆனால் தமிழ்ப் பூசையில் முன்பாட்டு பாடுவது, அதாவது பாட்டை எடுத்துக் கொடுப்பது, அவர்தான். பல வருடங்களாக அந்த மைக்கை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பாட்டு அத்தனையும் மனப்பாடம் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். பல்லவிகள் தெரியும், சரணங்கள் தெரியாது. பாட்டுப் புத்தகத்தின் பொடி எழுத்து அவர் கண்ணுக்கு அகப்படாமல் போய் நாளாகிவிட்டது. திரையில் பெரிய தமிழ் எழுத்தில் வந்தால் படிப்பார், படித்தால் பாடுவார். அந்த ஸ்லைடுகளை எல்லாம் ஓய்வு பெற்ற பிறகு நான்தான் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். அவருக்காக இல்லை. வேலை இல்லாமல் உட்கார எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

'பிறகு' என்பதை அழுத்தியவனுக்கு நிம்மதி கிடைத்துவிடாது. அடுத்த வாரம் வாசகத்துக்கு முன்னால் வந்தது. அதற்கடுத்த வாரம் மறையுரையின் நடுவே, பாவத்துக்குப் பரிகாரம் பற்றி ஃபாதர் பேசிக்கொண்டிருக்கும்போது, 'உங்கள் நேரம் முடிகிறது' என்கிற தோரணையில் வந்தது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். 'நாங்கள் பரிந்துரைக்கிறோம்' என்று எழுதியிருந்தது. யார் அந்த நாங்கள்? கையெழுத்து இல்லை, பதவி இல்லை, கோப்பு எண் இல்லை. மொட்டைக் கடிதத்துக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு.

விஷயம் பங்குக் குழுவின் கூட்டத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் பங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நாற்பதைத் தாண்டியவர். தோட்டத்துத் தமிழர்களுக்குப் பிறந்து, மலாய்ப் பள்ளியில் படித்து, நன்றாகத் தமிழ் பேசுவார், ஓர் எழுத்து படிக்கமாட்டார். அவருடைய மகளும் பாடகர் குழுவில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் குரல் நன்றாக இருக்கும். முன்பாட்டு பாடும் தகுதி அதற்கு உண்டு என்று அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அக்காவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் அதை எப்போதும் மைக்குக்கு எட்டாத கடைசி இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

கூட்டம் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் நடந்தது. மேசையில் இன்ஜினியர் வாங்கிவந்த கறிபாப் பலகாரம், பெரிய ஃபிளாஸ்கில் டீ.

"அங்கிள், சப்போர்ட் முடிஞ்ச பெறகு வைரஸ் வந்தா யாரையும் கேக்க முடியாது," என்றார் இன்ஜினியர். "பங்கு ஆபீஸ் கம்ப்யூட்டரும் இதே லைன்லதான் இருக்கு. ஞானஸ்நானம், கல்யாணம் எல்லா ரெக்கார்டும் அதுலதான். ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு."

அவர் சொன்னது சரி. சரியாகப் பேசும் ஆட்களைப் பிடிக்காமல் போவது எனக்குப் புதிதில்லை.

"இப்ப இருக்கற கம்ப்யூட்டர் புதுசத் தாங்குமா?" என்று கேட்டேன்.

"தாங்காது. செக் பண்ணிட்டேன். இங்கிலீஷ் பூசையில வச்சிருந்தது ஒண்ணு சும்மா கெடக்கு. அதுல புதுசு ஏத்தித் தரேன்."

"பாட்டு?"

"அதுதான் அங்கிள். உங்க பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் புதுசுல ஓடாது. பரவால்ல. யூத் குரூப் எல்லாப் பாட்டையும் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு வச்சிட்டாங்க. அதையே போட்டுறலாம். சிம்பிள் லா. பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

இது எங்கள் ஊரில் புதுமை இல்லை. மலாய்ப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார்கள். தொலைபேசியில் எல்லாருமே அப்படித்தான் எழுதுகிறார்கள். பின்வரிசைகளில் ஒவ்வொரு ஞாயிறும் குனிந்த தலைகளைப் பார்க்கலாம். பக்தி என்று புதியவர்கள் நினைப்பார்கள், தொலைபேசியில் பாட்டு பார்ப்பதுதான் அது.

அக்கா கறிபாப்பைத் தட்டில் வைத்தார். "அப்ப எனக்கு?"

"ஆண்ட்டி, நீங்க ரெஸ்ட் எடுங்க லா. எத்தன வருஷமாப் பாடுறீங்க. சின்னப் புள்ளைங்க பாடட்டும்."

"ரெஸ்ட் வேணும்னு நான் யார்கிட்டக் கேட்டேன்?"

நான் எழுந்தேன். தமிழ்ப் பூசையில் தமிழ் எழுத்து இல்லாமல் போவதைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினேன். மூன்றாவதைத் தொடங்குமுன் இன்ஜினியர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அங்கிள், உங்க மகளே இங்கிலீஷ் எழுத்துலதானே படிக்கிது?"

அது உண்மை. என் மகள் கோலாலம்பூரில் வழக்கறிஞர். தமிழில் என் பெயரைக் காட்டினால் அழகாக இருக்கிறது என்பாள். அன்றைய கூட்டக் குறிப்பை எழுதியது நான்தான். 'உறுப்பினர்கள் கருத்துப் பரிமாற்றம் செய்துகொண்டனர்' என்று மட்டும் எழுதினேன்.

ஒரு கோப்பை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். எதிர்த்துப் பேசினால் வாக்கெடுப்பு வரும். வாக்கெடுப்பு வந்தால் கறிபாப் வாங்கிக் கொடுத்தவன் ஜெயிப்பான். அதனால் நான் மேற்கொண்டு எதிர்க்கவில்லை. மேம்படுத்துவது நல்ல விஷயம்தான், ஆனால் தொழில்நுட்பப் பரிசோதனை இல்லாமல் முடிவெடுப்பது முறையாகாது, தமிழ் எழுத்து புதிய பதிப்பில் வருமா வராதா என்று சோதித்து எழுத்து மூலம் அறிக்கை வைக்க வேண்டும் என்றேன். ஃபாதருக்கு அடுத்த பூசைக்கு நேரமாகிவிட்டது. "சரி, நீங்களே செய்யுங்க," என்று எழுந்துவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் அக்கா என் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நேரம் பேசுனது எனக்குப் பாதிதான் வெளங்குச்சு. கண்ணுக்கு எழுத்து தெரியலன்னா நான் மைக்க விட்டுறணும். அதானே?"

"அதேதான்க்கா."

"நான் விடமாட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா அதுக்கு என்னா செய்யணுமோ செய்ங்க. சும்மா எந்திரிச்சு நின்னு கூட்டத்துல பேசுறீங்க."

அறிக்கை எழுத வேண்டுமென்றால் சோதனை செய்ய வேண்டும். சோதிப்பதற்கு என் சொந்த மடிக்கணினிதான் இருந்தது. பழைய பதிப்பில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கணினி. அதைப் புதியதுக்கு மாற்றுவதில்லை என்று நான் முடிவெடுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கூடத்து மேசையில் அதைத் திறந்து வைத்து, முதலில் கோப்புகளை எல்லாம் பென்டிரைவில் நகலெடுத்தேன். தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஒலியைக் குறைத்தாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"அந்தம்மா பாட்டு காதுல விழுந்தாலே தலவலி வருதுன்னு சொல்லுவீங்க."

"இப்பவும் அதையேதான் சொல்றேன்."

"பெறகு அதுக்காக நம்ம கம்ப்யூட்டர ஏன் கெடுக்குறீங்க?"

"கமிட்டிக்கு ரிப்போர்ட் குடுக்கணும்."

"அந்தப் பையனப் புடிக்கல. அதச் சொல்லுங்க. ரிப்போர்ட்டாம்."

புதிய பதிப்பு இறங்கி ஏறுவதற்குள் அவளுடைய நாடகம் முடிந்து, இன்னொன்றும் முடிந்தது. கணினி தானாக அணைந்தது, எழுந்தது, மறுபடியும் அணைந்தது. 'எல்லாம் தயாராகிக்கொண்டிருக்கிறது' என்று பல்லிளித்தது. பிறகு விசாரணையைத் தொடங்கியது. என் மின்னஞ்சல் வேண்டும். என் முகம் வேண்டும். என் விரல் ரேகை வேண்டும். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டும். எனக்குப் பொருத்தமான விளம்பரங்களைக் காட்டலாமா என்று கேட்டது. வேண்டாம் என்றால் உறுதியாகவா என்று கேட்டது. அடையாள அட்டைக்கு மனுப் போட்டபோதுகூட இந்த நாட்டின் அரசாங்கம் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. கடைசியில் உள்ளே விட்டபோது, எப்போதும் இடது மூலையில் இருக்கும் தொடக்கப் பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. ஏன் என்று யாரிடம் கேட்பது? மாற்றியவனுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், மாற்றியிருக்கிறான். அலுவலகத்தில் புதிய அதிகாரி வந்தவுடன் மேசைகளைத் திருப்பிப் போடச் சொல்வாரே, அதே சாதி.

தமிழ் வராது என்று எதிர்பார்த்தேன். வரக்கூடாது என்று விரும்பினேன் என்பதுதான் சரி. வராவிட்டால் என் அறிக்கை ஒரே பத்தியில் முடிந்திருக்கும். ஆனால் பழைய எழுத்துருவை மட்டும் நகலெடுத்து உரிய இடத்தில் போட்டதும் என் ஸ்லைடுகள் ஒரு புள்ளி பிசகாமல் திறந்துகொண்டன. தட்டச்சு மென்பொருள் ஓடவில்லை, இன்ஜினியர் சொன்னது நிஜம். அதற்குப் பதிலாக இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை இருந்தது. எழுத்துகளின் இடம் வேறு, அதனால் என் விரல்கள் முரண்டு பிடித்தன. ஒரு வாரம் அடித்துப் பழகியதும் சரியாகிவிட்டது. பிடிக்காவிட்டால் சில நாட்களுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று ஒரு சலுகையும் இருந்தது. மனைவி தினமும் அதை நினைவுபடுத்தினாள். அந்த நாட்கள் கழியும்வரை கணினியைத் திட்டிக்கொண்டே இருந்தேன், திரும்பவில்லை. திரும்பிவிட்டால் அறிக்கைக்கு ஆதாரம் இருக்காதே.

இரண்டு பக்க அறிக்கை. கடைசி வரி: 'புதிய பதிப்புக்கு மாறத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை; தமிழ் எழுத்து முழுமையாக இயங்குகிறது.' முதல் பாதி எனக்குக் கசந்தது, இரண்டாம் பாதி இன்ஜினியருக்குக் கசந்திருக்கும். அடுத்த கூட்டத்தில் அவர் அதைப் படிக்கவில்லை. தமிழில் இருந்தது. நான் வாசித்துக் காட்டினேன்.

"சரி அங்கிள், தமிழ் வரும். ஒத்துக்கிறேன்," என்றார். "ஆனா எங்க ஆளுங்களுக்குப் படிக்கத் தெரியாதே. அவங்க வாயப் பொத்திக்கிட்டு நிக்கணுமா? அவங்களுக்கும் பூசதானே?"

மண்டபத்தில் பலர் தலையசைத்தார்கள். அக்கா அசைக்கவில்லை. "தெரியலன்னா படிச்சுக்கிறது," என்றார் மெதுவாக, கறிபாப்பைப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஏதாவது வழி சொல்லுங்களேன்," என்றார் ஃபாதர்.

இந்த இடத்தில்தான் நான் எழுந்தேன். இரண்டு துறைகளுக்கு நடுவே சண்டை வந்தால் இருவரும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுப்பதுதான் என் வாழ்நாள் வேலை. தமிழ் வரி ஒன்று, அதற்குக் கீழே அதே வரி ஆங்கில எழுத்தில். யாருக்கு எது தெரியுமோ அதைப் படிக்கட்டும். சொன்னவுடன் எல்லாருடைய முகமும் தெளிந்தது. இன்ஜினியர் கை தட்டினார். அக்காகூட, "தமிழு மேலதானே வரும்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். 'புதிய பதிப்புக்கு மாறுவதென்றும், ஒவ்வொரு ஸ்லைடிலும் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் இடம்பெற வேண்டுமென்றும் ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.' அந்த வாக்கியத்தை நானே எழுதி, நானே படித்து, நானே ரசித்தேன். வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். "அப்படியா," என்றாள்.

புதிய கணினி வந்தது. இரண்டு எழுத்துகளையும் சேர்க்கும் வேலையை இன்ஜினியரும் அவர் மகளும் செய்தார்கள். பாராட்ட வேண்டிய வேகம். பழைய தமிழ் ஸ்லைடுகளை, இரட்டைப் பிரதி என்று சொல்லி அவர் அழித்துவிட்டார். நான் கவலைப்படவில்லை. என்னிடம் நகல் இருந்தது. மூலம் இருக்கும் கட்டடத்தில் நகல் இருக்கக்கூடாது என்பது விதி. அதன்படி அது ஆயர் குரோவில் என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. சனிக்கிழமை மாலை தேவாலயத்துக்குப் போய், மேசையில் உட்கார்ந்து, ஸ்லைடு ஸ்லைடாகச் சரி பார்த்தேன். என் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளியிருந்த கணினித் திரையில் எல்லாம் அச்சுப் போட்டதுபோல் இருந்தன. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு காலை அக்கா புதுச் சேலையில் வந்திருந்தார். ஆர்மோனியம் வருகைப் பாடலுக்கு முன்னிசை வாசித்தது. நான் முதல் ஸ்லைடைப் போட்டேன். சுவரில் வந்ததைப் பார்த்தேன்.

நான்கு வரி இருந்த இடத்தில் எட்டு வரி. ஆங்கில எழுத்தில் எழுதினால் தமிழ் வரி நீண்டுபோகும். அது பக்கத்துக்குள் அடங்க வேண்டுமென்று எல்லா எழுத்தையும் இன்னும் குறுக்கியிருந்தார்கள். மேலே இருந்த தமிழ், சுவரில் எறும்பு வரிசைபோல் ஊர்ந்தது. எல்லாருக்கும் பொதுவான என் வழி அங்கே எல்லாருக்கும் தெரியும்படி நின்றது. அக்கா ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை.

அவர் கண்ணைச் சுருக்கினார். தலையை முன்னால் நீட்டினார். முன்னிசை முடிந்தது. ஆர்மோனியக்காரர் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். கடைசி இடத்தில் நின்ற இன்ஜினியரின் மகள், மைக் இல்லாமலே முதல் வரியை எடுத்தது. பின்வரிசைகள் தொடர்ந்தன. அழகாகத்தான் இருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். திட்டும் பார்வையாக இருந்திருந்தால் எனக்குப் பழக்கம், தாங்கிக்கொண்டிருப்பேன். அது திட்டும் பார்வை இல்லை. தூணில் சாய்ந்து நின்ற இன்ஜினியரைத் தேடினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

ஸ்லைடுக் காட்சியிலிருந்து வெளியே வந்தேன். திருத்தும் பக்கம் அப்படியே சுவரில் தெரிந்தது. மேலே பொத்தான் வரிசை, ஓரத்தில் குட்டி ஸ்லைடுகள், நடுவில் என் சுட்டி அலைந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். முதல் தமிழ் வரி சுவரை நிறைத்தது, அதன் கீழே இருந்த ஆங்கில வரி திரைக்கு வெளியே விழுந்தது. அடுத்த தமிழ் வரி வேண்டுமென்றால் சுட்டியின் சக்கரத்தை உருட்டி ஆங்கில வரியைத் தாண்ட வேண்டும். உருட்டினேன்.

அக்கா வரியின் நடுவிலிருந்து பிடித்தார். தகரத்தை இழுக்கும் அதே குரல். பின்வரிசைகள் தடுமாறி நின்றன. 'என்னாச்சு', 'அங்கிள் என்ன செய்றாரு' என்று முணுமுணுப்பு. பிறகு ஒவ்வொருவராகத் தொலைபேசியை எடுத்தார்கள். இறுதிப் பாடல்வரை ஒவ்வொரு வரியையும் கையால் உருட்டித் தள்ளினேன். பூசை முடிந்தபோது ஆள்காட்டி விரல் மடங்க மறுத்தது. கையெழுத்தான கூட்டக் குறிப்புக்கு மாறாக என் பணிக்காலம் முழுவதிலும் நான் எதையும் செய்ததில்லை. அதுவும் நானே எழுதிய குறிப்பு.

விளக்கம் கேட்டுக் கூட்டம் கூட்டினார்கள். சும்மா இருப்பார்களா? அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் கூட்டியிருப்பேன்.

"அங்கிள், நீங்களே முடிவெடுத்து, நீங்களே உடைச்சா எப்படி?" என்றார் இன்ஜினியர்.

"எதையும் உடைக்கல. குறிப்பப் படிங்க. ஒவ்வொரு ஸ்லைட்லயும் ரெண்டு எழுத்தும் இருக்கணும்னு இருக்கு. இருந்துச்சு. ஸ்லைட் முழுசும் சுவத்துல தெரியணும்னு எங்க இருக்கு?"

"இது கள்ளாட்டம், அங்கிள்."

"இல்ல. இது நிர்வாகம்."

ஃபாதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்போது அக்கா பேசினார். எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே.

"அந்தப் புள்ள நல்லாப் பாடுது. எனக்குக் காது கேக்கும். ஆனா நான் நிக்கிற வரைக்கும் நான் பாடுறேன். எனக்கு முடியலன்னா நானே கூப்புட்டுக் குடுப்பேன். எழுத்தச் சின்னதாக்கி என்னைய எறக்க வேணாம்."

இன்ஜினியரின் முகம் கறுத்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்றார். அதை நான் நம்பினேன். சிறிய எழுத்துக்கு வழி சொன்னவன் நான் அல்லவா. ஆளுக்கொரு டீ ஊற்றிக்கொண்டோம். பிறகு அவர் தொலைபேசியை எடுத்து ஏதோ தட்டினார். ஆங்கில எழுத்துப் பாடல்களை இணையத்தில் போட்டு, தூண்களில் ஒரு கியூஆர் கட்டத்தை ஒட்டிவிட்டால் அவரவர் தொலைபேசியில் படம் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம், சுவரில் தமிழ் மட்டும் இருக்கட்டும் என்றார். டீ ஆறுவதற்குள் செய்தும் காட்டினார்.

"இவ்வளவு லேசுன்னா இத ஏன் முதல்லயே செய்யல?" என்று கேட்டேன்.

"முதல்லயே கேட்டிருந்தா செஞ்சிருப்பேன் அங்கிள். நீங்க ரிப்போர்ட்தானே கேட்டீங்க?"

அதையும் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

அலமாரியிலிருந்த பென்டிரைவ் தேவாலயத்துக்கு வந்தது. பழைய தமிழ் ஸ்லைடுகளைப் புதிய கணினியில் ஏற்றினேன். முன்னெச்சரிக்கையாக எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி வைத்தேன். மறு ஞாயிறு எல்லாம் ஒழுங்காக நடந்தது. தூண்களில் கட்டம், குனிந்த தலைகள், சுவரில் தமிழ், மைக்கில் அக்கா. எனக்குத் தலைவலி. பூசை முடிந்ததும் வழக்கம்போல் மேசைக்கு வந்தார். நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன்.

"கிராணி, எழுத்து இப்ப ரொம்பப் பெருசாப் போச்சு. பக்கத்துக்கு ரெண்டு வரிதான் நிக்குது. நான் மூணாவது வரிக்குப் போறேன், நீங்க இன்னும் மாத்தாம ஒக்காந்திருக்கீங்க. கொஞ்சம் சின்னதாக்குங்க."

"எவ்வளவு சின்னது வேணும்னு எழுதிக் குடுங்கக்கா. பார்க்கலாம்."

"வாயால சொன்னா ஏறாதா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு மகனின் காரைத் தேடிப் போனார்.

ஆட்கள் போன பிறகு உட்கார்ந்து எழுத்தைக் குறைத்தேன். கணினித் திரையில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு முறை அதை நம்பிப் பட்டது போதும் என்று எழுந்து, பீடத்துக்குப் பக்கத்திலுள்ள படியில் ஏறி, மைக்குக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை. அங்கிருந்து சுவர் நான் நினைத்ததைவிடத் தள்ளி, சாய்வாக இருந்தது. பக்கத்து ஜன்னல் வெளிச்சம் திரையின் ஒரு மூலையைத் தின்றது. என் மேசை மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது. நான் கொட்டாவி விட்டால்கூடத் தெரியும். திரும்பி வந்து எழுத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். மறுபடியும் போய் நின்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

பக்கவாசலில் செருமல் கேட்டது. அக்கா போகவில்லை. மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்திருந்தார்.

"என்னா கிராணி, பாடப் போறீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப எறங்குங்க."